தம்பியின் புருவம்

அழகுக்கலைப் படிப்பில் சேர்ந்தால் முதல் நாளே கையில் சீப்பும் கத்தரியும் கொடுப்பார்கள் என்றுதான் நினைத்தேன். கொடுத்தது ஒரு படம். தோலை அல்வாத் துண்டு போல வெட்டி நிறுத்தி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கோடு இழுத்து, கோட்டு முனையை வெறுமனே விட்டிருந்தார்கள். பெயரை நாங்கள் எழுத வேண்டுமாம். மேல்தோல், உள்தோல், அடியில் கொழுப்பு. நடுவே வேர்வைச் சுரப்பி, எண்ணெய்ச் சுரப்பி, நரம்பு, ரத்தக் குழாய். பள்ளிக்கூடத்தில் அறிவியலுக்குப் பயந்து காமர்ஸ் குரூப் எடுத்தவள் நான். கல்யாணமாகி விருதுநகர் வந்து, பையனும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, பகலெல்லாம் சும்மா இருக்கிறோமே என்று இந்த வகுப்புக்கு வந்தால், அந்தச் சனியன் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

“ஃபேஷியல் பண்றதுக்கு எதுக்கு மேடம் இம்புட்டும்?” என்று கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

மேடம் மதுரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “செவத்துக்குள்ள கரண்டு வயரு எங்க போகுதுன்னு தெரியாம ஆணி அடிப்பீங்களா? இதுவும் அப்படித்தான். உக்காருங்க.” வகுப்பே சிரித்தது. உட்கார்ந்தேன்.

நகப் பாடம் நடத்திய அன்று எல்லோரையும் மேசைமேல் கையை வைக்கச் சொன்னார். என் பக்கத்தில் இருந்தவள் சிவகாசியில் அச்சகத்துக்கும் போய்க்கொண்டே படித்தவள். அவள் நகக்கண்ணில் நீல மை. என் நகத்தில் முந்தின நாள் மீன் குழம்பின் மஞ்சள். “நகத்துக்குன்னு தனியா நெறம் கெடையாது. அடியில ஓடுற ரத்தம்தான் ரோஸா தெரியுது” என்று மேடம் சொன்னதும், நாங்கள் இருவரும் மையையும் மஞ்சளையும் மறந்து, நகத்தை அழுத்தி அழுத்தி வெளுக்க வைத்து விளையாடிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. கடையில் பருப்பு நிறுத்துப் போடுகிறவரின் நகத்தைப் பார்ப்பேன். பஸ்ஸில் முன்சீட்டுக்காரியின் வகிட்டைப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “என் மூஞ்சியப் பாத்துப் பேசு. மண்டையப் பாத்துப் பேசாத” என்றார். அவருக்கு உச்சியில் கொஞ்சம் முடி போய்விட்டது. பாவம், நான் பாடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பிடித்தது முடிப் படம்தான். தோலுக்குள் போய் முடியின் அடி முனை சின்ன வெங்காயம் போலப் பருத்திருக்கும். உயிர் இருப்பது அங்கேதான். வெளியே நாம் பின்னுவதும் பூ வைப்பதும் எல்லாம் செத்த முடி, அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை என்றார் மேடம். பிறகு புருவம் எதற்கு என்று கேட்டார். “அழகுக்கு” என்று நாங்கள் கோரஸாகச் சொன்னோம். “அழகுக்கும்தான். ஆனா அதோட வேலை வேற. நெத்தியில வழியுற வேர்வை கண்ணுக்குள்ள எறங்காம ஓரமாத் திருப்பி விடுறது.” வயலுக்கு வரப்பு மாதிரி என்று எழுதிக்கொண்டேன். எழுதினேனே தவிர, அது மண்டையில் ஏறவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் என் தம்பிக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். அப்பா எம். புதுப்பட்டி பக்கம் சின்னதாக ஒரு பட்டாசு கம்பெனி நடத்துகிறார். தம்பி அவரோடு இருக்கிறான். பெண் காரியாபட்டிப் பக்கம், விவசாயக் குடும்பம். பெண் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவன் போனைப் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் பெண்ணின் அப்பா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். “மாப்ள ஆபீஸோட நிக்கணும். வெடிமருந்துப் பக்கம் போகப்புடாது. அதுக்குச் சம்மதம்னா மேக்கொண்டு பேசுவோம்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவருடைய அக்காவை எங்கள் பக்கம்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்த அக்கா புருஷன், வேலையில் நடந்த விபத்தில் இறந்துவிட்டார். அக்கா பிறந்த வீட்டுக்கே வந்து, தம்பி மகளைத் தன் மகளாக வளர்த்தார். அந்த மகளைத்தான் நாங்கள் தம்பிக்குப் பேசியிருந்தோம். அவளுக்கு அவர் அத்தை. எங்களுக்கு முறைப்படி பெரியம்மா. ஒருமுறை பட்ட வீடு. அவர்கள் பட்டாசுக்காரனுக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்ததே பெரிய விஷயம்.

“அதுக்கென்ன மச்சான், அவன் ஆபீஸ் வேலைதான்” என்று எங்கள் அப்பா வாய் கூசாமல் சொல்லிவிட்டார். சம்பந்தம் பேசுகிற இடத்தில் யார்தான் முழுசாகப் பேசுகிறார்கள். உண்மை என்னவென்றால், எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு சரக்கு செய்தால், அதில் முதல் மாதிரியை எங்கள் வீட்டு ஆள்தான் பற்ற வைக்க வேண்டும். வேலையாட்கள் எல்லாம் தள்ளி நிற்பார்கள். முன்பு அப்பா வைப்பார். அவருக்கு மூட்டுவலி வந்து சட்டென்று விலக முடியாமல் போன பிறகு தம்பி வைக்கிறான்.

ஆனி மாதம், நல்ல வெயில். ஒரு மத்தியானம் வாசலில் பைக் சத்தம் கேட்டது. தம்பி வந்தான், ஹெல்மெட்டோடு. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான், ஹெல்மெட்டோடு. காபி கேட்டான், அதுவும் ஹெல்மெட்டோடு.

“ஏலே, அதைக் கழட்டிட்டுக் குடி. என்ன கூத்து இது?”

“கத்தக் கூடாது.”

“நான் எதுக்குக் கத்தப் போறேன்?”

கழற்றினான். கத்தினேன். புருவம் இரண்டும் இல்லை. நெற்றி முழுக்கச் சிவந்து, முன்முடி சுருண்டு, பொசுங்கின வாடை அடித்தது. மனிதன் முகத்திலிருந்து புருவத்தை மட்டும் எடுத்துவிட்டால் இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. எந்நேரமும் எதற்கோ ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருப்பவன் மாதிரி இருந்தான். அழ வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுதேன்.

நடந்தது இதுதான். புதுசாக ஒரு பூச்சட்டி செய்திருக்கிறார்கள். வெளியூரில் புஸ்வாணம் என்பார்களே, அதுதான். ஆர்டர் ஓகே ஆக வேண்டும் என்றால் மாதிரி சரியாகப் பூக்க வேண்டும். புகைக்காக மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு போய்ப் பற்ற வைத்திருக்கிறான். திரி சீறி, நடுவில் அடங்கிவிட்டது. பற்றாத சரக்கிடம் போகக் கூடாது, வாளித் தண்ணீரை ஊற்ற வேண்டும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. இவனோ குனிந்து காதைக் கொடுத்திருக்கிறான். உள்ளே திரி எரிகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்தானாம். இந்தக் கிறுக்குத்தனம் எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் வரும். மருந்தோடு பழகிப் பழகி, அது தன்னிடம் பேசும் என்று நினைப்பார்கள். அது பேசிவிட்டது. தலையைப் பின்னால் இழுப்பதற்குள் பூ நெற்றியைத் தடவிவிட்டுப் போய்விட்டது.

“கண்ணு?” என்றேன்.

“கண்ணுக்கு ஒண்ணுமில்ல. டாக்டர் பாத்துட்டாரு. துண்டு கட்டியிருந்ததால மீசையும் தப்பிச்சிருச்சு.”

“மீசை ஒண்ணுதான் குறைச்சல் ஒனக்கு.”

“அக்கா, ஆடி பொறக்குறதுக்கு முந்தி பொண்ணு வீட்டுக்காரக நம்ம வீடு பாக்க வாராக. மாமா என்னைய இப்படிப் பாத்தாருன்னா அம்புட்டுத்தான். எல்லாம் போச்சு.” குரல் உடைந்தது. “நீ முடியப் பத்தித்தானே படிக்கிற. ஏதாவது பண்ணு.”

அதற்குள் வீட்டில் அம்மா விளக்கெண்ணெய் தடவியிருந்தாள். பக்கத்து வீட்டு மதினி வெங்காயச் சாறு என்றிருக்கிறார். நல்லவேளை, அவன் அதற்குள் ஓடி வந்துவிட்டான்.

மறுநாள் வகுப்பில் நானே கை தூக்கியதைப் பார்த்து மேடம் ஆச்சரியப்பட்டார். விஷயத்தைச் சொன்னேன். “தோல் கொப்பளிச்சிருக்கா?” என்றார். இல்லை, சிவப்புத்தான் என்றேன். “அப்ப வேருக்கு ஒண்ணும் ஆகலை. மேல செத்ததுதான் எரிஞ்சிருக்கு, உயிரு உள்ள இருக்கு. தானா வரும்.”

“எப்ப மேடம்?”

“புருவம் தலைமுடி மாதிரி இல்ல. மெதுவாத்தான் வரும். கல்யாணத்துக்குக் கொஞ்சம் மொளைச்சிரும். அதுவரைக்கும் எண்ணெய், சாறு ஒண்ணும் வேண்டாம். செவப்பு அடங்கினப்புறம்தான் பென்சிலே வைக்கணும், தெரியுதா?”

வெறுத்த பாடம் அன்று தெய்வ வாக்கு மாதிரி காதில் விழுந்தது. வெளியே வந்து முதல் வேலையாக அவனுக்குப் போன் போட்டு, வேர் இருக்குலே, வேர் இருக்கு என்று பஸ் ஸ்டாண்டில் நின்று கத்தினேன்.

வீடு பார்க்க வருகிற அன்று காலையிலேயே சிவகாசியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். சிவப்பு அடங்கியிருந்தது. தம்பியை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். மூக்கோரத்தில் பென்சிலை நிமிர்த்திப் பிடித்தால் புருவம் தொடங்கும் இடம். அதையே கண்ணின் கடைசி முனைக்குச் சாய்த்தால் முடியும் இடம். ஒரே கோடாக இழுத்தால் நாடகக்காரன் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு முடியாக, கீழிருந்து மேலாக, மூக்குப் பக்கம் நிமிர்த்தியும் காதுப் பக்கம் படுக்க வைத்தும் வரைந்தேன். அவன் மூச்சு என் மணிக்கட்டில் பட்டது. சின்ன வயதில் திருவிழாவுக்கு நான் பவுடர் போட்டு விடும்போதும் இப்படித்தான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருப்பான். இவனுக்கு இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது எனக்கு.

“சிரிக்காத. நெத்தியச் சுருக்காத. மூஞ்சியத் தொடாத.”

“மூச்சு விடலாமா?”

“அளவா விடு.”

கண்ணாடியில் பார்த்துவிட்டு, “அக்கா, முந்தினதை விட நல்லாருக்கு” என்றான். எனக்கும் பெருமை தாங்கவில்லை. தண்ணீர் பட்டாலும் அழியாது என்று பென்சில் மேலேயே போட்டிருந்தது.

பெண்ணின் அப்பா, அம்மா, அவளை வளர்த்த அந்தப் பெரியம்மா மூவரும் வந்தார்கள். பெரியம்மா வெளிர்சந்தன நிறத்தில் நூல் சேலை கட்டியிருந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனுஷி. வீட்டையெல்லாம் பார்த்தார்கள். இலை போட்டோம். தம்பியைப் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சாம்பார் ஊற்றும்போது கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது. அம்மா விசிறி தேட ஓடினாள்.

ரசம் ஊற்றும்போது நான் தம்பியைப் பார்த்தேன். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. அப்போதுதான் வரப்பு ஞாபகம் வந்தது. வேர்வையைத் திருப்பிவிட அங்கே ஒரு முடி இல்லை. அது நேராக, என் ஓவியத்தின் மேலாக, கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவனோ, மூஞ்சியத் தொடாதே என்று நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு, கண் எரிந்து எரிந்து சிமிட்டிக்கொண்டிருந்தான்.

“ஏய்யா, கண்ணுல வேர்வை எறங்குதே” என்றார் பெரியம்மா. நான் குறுக்கே போவதற்குள், பெற்ற பிள்ளைக்குத் துடைப்பது போல, முந்தானையால் அவன் நெற்றியை ஒரு வழி வழித்துவிட்டார்.

சந்தன நிறச் சேலையில் கரேலென்று ஒரு கோடு. தம்பிக்கு இடது புருவம் இல்லை.

பெண்ணின் அப்பா இலையிலிருந்து கையை எடுத்தார். “மாப்ளைக்கு என்ன ஆச்சு?”

“அது வந்து மாமா, புருவம் திருத்துறேன்னு நான்தான்...” என்று ஆரம்பித்தேன்.

“அக்கா, விடு” என்றான் தம்பி. பெரியம்மாவைப் பார்த்துத்தான் சொன்னான். “மாதிரி பத்த வச்சேன், பெரியம்மா. பொசுங்கிருச்சு. ஆபீஸ்லயே இருப்பேன்னு சொன்னது நெசம் இல்ல.”

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். “எந்திரிங்க, போவோம். இதுக்குத்தான் நான் மொதல்லயே சொன்னேன்.” எங்கள் அப்பா மச்சான், மச்சான் என்று பின்னாலேயே போனார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் இலையில் ரசம் ஓடிப்போய்த் தரையில் இறங்கியது.

பெரியம்மா எழவில்லை. “எதுக்குய்யா நீ பத்த வச்ச?” என்று கேட்டார். “கம்பெனியில ஆளு இல்லையா?”

“இருக்காக பெரியம்மா. அதனாலதான் நான் வச்சேன்.”

அவர் அவனையே பார்த்தார். அவன் திணறித் திணறிச் சொன்னான். “மொத மாதிரி எப்படிப் போகும்னு எங்களுக்கே தெரியாது. தெரியாத ஒண்ணுகிட்ட இன்னொரு வீட்டுப் பிள்ளைய நிறுத்திட்டு, நான் ஆபீஸ்ல எப்படி உக்காந்திருக்க?”

பெரியம்மா முந்தானையை எடுத்து அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்தார். கட்டை விரலால் அதைத் தேய்த்தார். அது போகவில்லை.

“அவரும் மாதிரிதான் பத்த வச்சாரு” என்றார். சத்தம் கூட்டாமல், யாரிடமும் இல்லாமல் சொன்னார். “அன்னைக்கு மொதலாளி ஆபீஸ்லதான் இருந்தாரு. சாவுக்குத் துட்டி கேக்க வந்தப்ப அவரு மொகத்தைப் பாத்தேன். ஒரு முடி கருகல.”

வாசல் வரைக்கும் போயிருந்த பெண்ணின் அப்பா அப்படியே நின்றுவிட்டார். அவருக்கும் இது புதுச் செய்தி என்று முகத்தில் தெரிந்தது. இத்தனை வருஷமும் அந்த அம்மா இதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ரசக் கரண்டியோடு அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன்.

வெளியே பெரியம்மா தன் தம்பியைக் கூப்பிடும் குரல் கேட்டது. “தம்பி, வந்து இலையில உக்காரு. சாப்பாட்டுல பாதியில எந்திரிக்கக் கூடாது. நம்ம பிள்ளை இந்த வீட்டுக்குத்தான் வருது.”

அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. நான் எட்டிப் பார்க்கும்போது தம்பியின் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்துக்கொண்டிருந்தார். எச்சில் கைதான். “பத்தாத சரக்குக்கிட்டக் காதைக் குடுப்பியாலே, கூறுகெட்டவனே? தண்ணி வாளி எதுக்கு வச்சிருக்காக, குளிக்கவா? நீ பத்த வை, வேண்டாங்கல. நீளக் குச்சியில ஊதுபத்தி கட்டி, தள்ளி நின்னு வை. அடங்குச்சுன்னா திரும்பிப் பாக்காம வந்துரு. பூக்கலன்னாப் போகுது. வாரா வாரம் எனக்குப் புருவத்தைக் காட்டணும். காட்டலன்னா பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன், பாத்துக்கோ.”

“சரி பெரியம்மா” என்றான், ஒற்றைப் புருவத்தோடு. அதைப் பார்த்து முதலில் சிரித்தது பெண்ணின் அப்பாதான்.

ஆவணியில் கல்யாணம். மேடம் சொன்னபடியே முளைத்திருந்தது. குட்டை குட்டையாக, பிரஷ் மயிர் மாதிரி விறைப்பாக. நான் பென்சிலைத் தொடவே இல்லை. பெண்ணுக்கு அலங்காரம் செய்தது நான்தான். நெற்றிச்சுட்டி வைக்கும்போது அவள் மெதுவாக, “மதினி, புருவம் உள்ள இருந்து தானா வந்துச்சாமே” என்று கேட்டாள். உள்தோல், வேர், வெங்காயம் என்று முழுப் பாடத்தையும் நடத்திவிட்டேன். பொறுமையாகக் கேட்டாள். நல்ல பெண்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அம்மா வீட்டில் இருந்தால் ஒரு காட்சியைப் பார்ப்பேன். சாப்பிட உட்காரும் முன் தம்பி காரியாபட்டிக்கு வீடியோ கால் போடுவான். திரையில் பெரியம்மாவின் முகம் பாதிதான் தெரியும். போனை நேராகப் பிடிக்க அவருக்கு இன்னும் வரவில்லை. “கிட்ட வா. வெளிச்சத்துப் பக்கம் திரும்பு” என்பார். தம்பி முன்முடியை ஒதுக்கிக்கொண்டு, வலது, இடது என்று காட்டுவான். அவன் மனைவி தட்டோடு நின்று சிரிப்பாள்.

“இமை?”

இமை முடியைக் காட்ட அவன் கண்ணை மூடுவான். பெரியம்மா, வேறு யாரையோ பார்ப்பது போல, கண் மூடின அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அவசரமாகச் சொல்வார்.

“போதும்யா, கண்ணைத் தொற.”